தூக்கத்துக்குச் சாட்சி யார்?

வண்டலூரிலிருந்து வாலாஜாபாத் போகும் சாலையில் படப்பையைத் தாண்டினால் சேரப்பணஞ்சேரி. அதற்கு அப்பால் ஒரகடம். ஏரியும் வயலுமாகக் கிடந்த இந்தப் பக்கம் முழுக்க இப்போது லாரியும் காரும் மோட்டார் சைக்கிளும் கைபேசியும் செய்கிற ஊர்களாகிவிட்டது. ஷிப்ட் மாறும் நேரத்தில் சாலையோரம் நின்றால் கம்பெனி பஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். வேலைக்குப் போகிற பஸ்ஸிலும் ஜன்னல் கம்பியில் தலைகள் சாய்ந்திருக்கும், வேலை முடிந்து திரும்புகிற பஸ்ஸிலும் சாய்ந்திருக்கும். எது போகிறது, எது வருகிறது என்பதை அந்தத் தலைகளை வைத்துச் சொல்லிவிட முடியாது.

இவர்களில் ஒருவரை மருத்துவ முகாமில் உட்காரவைத்து, "ராத்திரி எத்தனை மணி நேரம் தூங்குவீங்க?" என்று கேட்டால் உடனே பதில் வரும். ஆறு என்பார், ஏழு என்பார். "நல்லா தூங்குவேன் சார்" என்று கூடவே ஒன்றைச் சேர்த்துச் சொல்வார். கேட்டவர் அதைப் படிவத்தில் எழுதிக்கொள்வார். அதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் அந்த எண் எதை அளந்து வந்தது என்று யோசித்தால் தலை சுற்றும். பஸ்ஸில் தூங்கியது அதில் சேர்த்தியில்லை. போன வாரம் நைட் ஷிப்ட் முடித்து, தகர ஷீட் போட்ட அறையில் பகலெல்லாம் புரண்டது சேர்ந்ததா இல்லையா என்று அவருக்கே தெரியாது. படுத்த நேரத்தையும் எழுந்த நேரத்தையும் கழித்துப் பார்த்து ஓர் எண்ணைச் சொன்னார், அவ்வளவுதான்.

ஒருவர் ஒரு நாளைக்கு எத்தனை டீ குடிக்கிறார், எத்தனை பீடி பிடிக்கிறார் என்று கேட்டாலும் பதில் தப்பாக வரலாம். கூட்டிச் சொல்லலாம், குறைத்துச் சொல்லலாம். ஆனால் டீ குடித்தபோது ஆள் அங்கே இருந்தார். தூக்கத்தில் அப்படி இல்லை. நாம் விசாரிக்கிற சம்பவம் நடந்தபோது அவர் அங்கே இல்லவே இல்லை. உலகம் முழுவதும் மருத்துவர்களும் கணக்கெடுப்பவர்களும் அந்த ஒருவரைத்தான் சாட்சிக் கூண்டில் ஏற்றுகிறார்கள்.

தூக்கம் எப்போது தொடங்கியது என்பதே அவருக்குத் தெரியாது. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் தூக்க மருத்துவத்தை ஒரு துறையாக வளர்த்தெடுத்த வில்லியம் டிமெண்ட் ஒரு சோதனை செய்து காட்டினார். ஒருவரைப் படுக்கவைத்து, இமைகள் மூடாதபடி ஒட்டுப்பட்டை ஒட்டி, முகத்துக்கு நேராகப் பளிச் பளிச்சென்று ஒரு விளக்கை அடிக்கச் செய்தார். விளக்கு மின்னும்போதெல்லாம் கையிலிருக்கும் பொத்தானை அழுத்த வேண்டும். கொஞ்ச நேரம் ஒழுங்காக அழுத்தியவர் திடீரென ஒரு மின்னலுக்கு அழுத்தவில்லை. ஏன் என்று கேட்டால், விளக்கு மின்னவே இல்லையே என்றார். மூளை அலைப் பதிவில் மட்டும் இரண்டு விநாடித் தூக்கம் பதிவாகியிருந்தது. கண் திறந்திருக்கிறது, வெளிச்சம் கண்ணுக்குள் விழுகிறது, ஆனால் பார்க்க ஆள் இல்லை.

வீட்டுக்கு வீடு நடக்கிற கதைதான் இது. சாய்வு நாற்காலியில் குறட்டை விட்டுக்கொண்டிருக்கும் தாத்தாவிடமிருந்து ரிமோட்டை எடுத்தால், "தூங்கலடா, கேட்டுக்கிட்டுதான் இருக்கேன்" என்பார். அவர் சொல்வதில் ஒரு நியாயம் இருக்கிறது. தூக்கத்தின் முதல் சில நிமிடங்களில் ஒருவரை எழுப்பினால் பலர் தாங்கள் விழித்திருந்ததாகவே சொல்கிறார்கள். அதே சமயம், பத்து நிமிடம் போல நன்றாகத் தூங்கிவிட்டால், தூக்கத்துக்குச் சற்று முன்னால் கேட்ட சொற்கள்கூட நினைவிலிருந்து போய்விடுகின்றன. 1990களில் நடந்த சோதனைகள் இதைக் காட்டின. தூக்கம் தன் வாசற்படியில் கிடந்த நினைவுகளையும் சேர்த்து வாரிக்கொண்டு போய்விடுகிறது.

நடு இரவிலும் இதே கதைதான். ஆரோக்கியமான ஆளுக்கும் மூளை அலைகள் ஒரு மணி நேரத்தில் பலமுறை சில விநாடிகள் விழிப்பின் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பும். இவற்றில் காலையில் நினைவில் நிற்பது மிகச் சில. தூக்கத்தில் மூச்சு அடைபடும் நோய் உள்ளவர் ஓர் இரவில் நூறு முறைக்கு மேல் திணறி எழுந்து மீண்டும் உறங்கியிருப்பார். காலையில் "அடிச்சுப் போட்ட மாதிரி தூங்கினேன்" என்பார். பக்கத்தில் படுத்த மனைவிதான் விடிய விடிய விழித்துக் கிடந்திருப்பார்.

அப்படியானால் காலையில் நாம் சொல்லும் எண் எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் சுவர்க் கடிகாரத்திலிருந்து. கடிகாரத்தை எடுத்துவிட்டால் என்ன ஆகும் என்பதைச் சோதித்துப் பார்த்த இடங்களில் ஒன்று மதுரை.

மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் உயிர்க் கடிகாரம் பற்றிய ஆய்வை ஊன்றி வளர்த்தவர் பேராசிரியர் எம்.கே. சந்திரசேகரன். வௌவால்கள் இருட்டுக் குகைக்குள் இருந்தபடி எப்படிப் பொழுது சாய்வதை அறிகின்றன என்று பார்த்தவர். தாய் எலி வருவதும் போவதுமே கண் திறக்காத குட்டிகளுக்குப் பகலிரவாக அமைந்து, அவற்றின் உடல் கடிகாரத்தைச் சரிசெய்கிறது என்று மாணவர் ஒருவருடன் சேர்ந்து 1980களில் காட்டினார். பல்கலைக்கழகத்தில் அவர் மனிதர்களுக்கும் ஒரு தனிமை அறையை அமைத்தார். சூரிய வெளிச்சம், கடிகாரம், செய்தித்தாள், வானொலி எதுவும் உள்ளே வராது. தன்னார்வலர்கள் அதில் நாள்கணக்கில் தங்கினார்கள். பசித்தால் சாப்பிடலாம், தூக்கம் வந்தால் தூங்கலாம். வெளியே இருப்பவர்கள் அவர்களுடைய உறக்கத்தையும் விழிப்பையும் பதிவு செய்துகொள்வார்கள்.

இப்படிப்பட்ட அறைகளில் சிலருக்கு ஒரு விநோதம் நடக்கிறது. உடல் வெப்பம் ஏறி இறங்குவது ஏறக்குறைய 24 மணிச் சுற்றிலேயே நிற்க, தூங்கி விழிக்கிற சுற்று அதைவிட்டுப் பிரிந்து 30 மணிக்கு மேல் நீண்டுவிடும். இரண்டு கடிகாரங்களும் தனித்தனியே ஓடத் தொடங்கும். இரண்டும் சேர்ந்து ஓடும்போதும் பிரிந்து ஓடும்போதும் தூக்க நேரத்துக்கும் விழிப்பு நேரத்துக்கும் உள்ள உறவைப் பற்றி மதுரைக் குழுவினர் 1997இல் கட்டுரை வெளியிட்டார்கள். நாள் நீண்டுபோனது உள்ளே இருப்பவருக்குத் தெரியாது என்பதுதான் இதில் வியப்பு. அவரைப் பொறுத்தவரை காலையில் எழுந்தார், வழக்கம்போல் சாப்பிட்டார், ராத்திரி படுத்தார். ஜெர்மனியில் இதேபோன்ற பதுங்கறையில் ஆய்வு செய்த யூர்கன் ஆஷோஃப், உள்ளே இருப்பவர்களை "ஒரு மணி நேரம் ஆனதாகத் தோன்றும்போது பொத்தானை அழுத்துங்கள்" என்று கேட்டுப் பார்த்தார். விழித்திருக்கும் நேரம் நீள நீள, அவர்களுடைய 'ஒரு மணி நேரமும்' கூடவே நீண்டது.

1962இல் மிஷேல் சிஃப்ர் என்ற பிரெஞ்சு நிலவியலாளர் ஆல்ப்ஸ் மலைக்கடியில் ஒரு பனிக்குகைக்குள் கடிகாரம் இல்லாமல் இறங்கினார். செப்டம்பர் 14 அன்று மேலே இருந்தவர்கள் அவரிடம் கெடு முடிந்துவிட்டது என்று சொன்னபோது, தன் கணக்குப்படி அன்று ஆகஸ்ட் 20தான் என்றார். இரண்டு மாதத்தில் இருபத்தைந்து நாளைத் தொலைத்துவிட்டிருந்தார். இத்தனைக்கும் படுக்கும்போதும் எழும்போதும் மேலே உள்ளவர்களுக்குத் தொலைபேசியில் தவறாமல் சொல்லிக்கொண்டிருந்த ஆள் அவர்.

கடிகாரம் இருக்கும் ஊரில் நிலைமை இவ்வளவு மோசமில்லைதான். எவ்வளவு மோசம் என்பதை அளந்து பார்த்திருக்கிறார்கள். சிகாகோவில் டயேன் லாடர்டேல் குழுவினர் 669 பேருக்கு மணிக்கட்டில் அசைவு அளக்கும் கருவி கட்டி, அவர்களிடம் தூக்க நேரத்தையும் கேட்டு, இரண்டையும் ஒப்பிட்டு 2008இல் வெளியிட்டார்கள். கருவிப்படி சராசரித் தூக்கம் 6 மணி நேரம். வாய்ப்படி அதைவிடச் சுமார் 48 நிமிடம் அதிகம். எல்லோரும் ஒரே அளவுக்குக் கூட்டிச் சொல்லியிருந்தால் கழித்துக்கொண்டு போய்விடலாம். அப்படி நடக்கவில்லை. கருவியில் 7 மணி நேரம் தூங்கியவர்கள் அரை மணிக்கும் குறைவாகத்தான் கூட்டினார்கள். 5 மணி நேரம் தூங்கியவர்கள் ஒரு மணி நேரத்துக்கு மேல் கூட்டிச் சொன்னார்கள். யாருக்குத் தூக்கம் குறைவோ அவருடைய கணக்கில்தான் பெரிய ஓட்டை. குறைந்த தூக்கத்தால் என்னென்ன நோய் வரும் என்று வாய்மொழியை நம்பி எழுதப்பட்ட ஆய்வுகள் எத்தனையோ இருக்கின்றன. ஒவ்வொன்றையும் படிக்கும்போது இதை நினைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

நம் நாட்டுக் கணக்கும் இருக்கிறது. தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019இல் 1,38,799 வீடுகளில், ஆறு வயதும் அதற்கு மேலும் ஆன 4,47,250 பேரின் ஒரு நாள் பொழுது எப்படிப் போகிறது என்று கேட்டு எழுதியது. முந்தைய நாள் காலை நான்கு மணி முதல் அன்று காலை நான்கு மணி வரை, அரை அரை மணி நேரமாக. அதன்படி இந்தியர்கள் சராசரியாகத் தூக்கத்துக்குக் கொடுப்பது ஏறக்குறைய ஒன்பது மணி நேரம். கேட்டால் சிரிப்பு வரும். ஆனால் இந்தக் கணக்கெடுப்புக்கு அடிப்படையான உலகளாவிய வகைப்பாட்டில் 'தூக்கமும் அதைச் சார்ந்தவையும்' ஒரே தலைப்பு. தூக்கம் வராமல் கொட்டக் கொட்ட விழித்துக் கிடப்பதும் அதற்குள்தான் அடங்கும். பாயில் கிடந்த நேரம் என்று வைத்துக்கொண்டால் அந்த எண்ணில் குற்றமில்லை.

பாயில் கிடந்த நேரத்துக்கும் தூங்கிய நேரத்துக்கும் எவ்வளவு தூரம் என்பதற்கு உலகம் இன்று எடுத்துக்காட்டும் ஊர், ஒரகடத்திலிருந்து ஐம்பது கிலோமீட்டருக்குள் இருக்கும் சென்னை. பெட்ரோ பெசோனே, கௌதம் ராவ், ஃபிராங்க் ஷில்பாக், ஹெதர் ஸ்கோஃபீல்டு, மேட்டி டோமா ஆகிய பொருளாதார ஆய்வாளர்கள் சென்னையில் குறைந்த வருமானமுள்ள 452 பேருக்குக் கணினியில் தகவல் பதியும் வேலை கொடுத்தார்கள். மணிக்கட்டில் கருவி கட்டி ஒரு மாத அளவுக்குக் கவனித்தார்கள். 2021இல் வெளியான முடிவு இது: படுக்கையில் இருந்தது 8 மணி நேரம், தூங்கியது 5.5 மணி நேரம். அதுவும் துண்டு துண்டாக. தூக்கமின்மை நோய்க்கும் மூச்சடைப்பு நோய்க்கும் சிகிச்சைக்கு வருகிறவர்களின் தூக்கம் எவ்வளவு உடைந்திருக்குமோ, அந்த அளவுக்கு இந்தச் சாதாரண மனிதர்களின் இரவு உடைந்திருந்தது. புழுக்கம், கொசு, தெருச் சத்தம், நெருக்கடி. கோழித் தூக்கம் என்று நம் ஊரில் சொல்வார்களே, அதையே எட்டு மணி நேரம்.

இந்த ஆய்வு இன்னும் விநோதமான ஒன்றைக் கண்டது. அதைக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன் எதிர்ப்பக்கத்தில் நிற்பவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும்.

"நேத்து எனக்குச் சிவராத்திரிதான், பொட்டு கண் மூடல" என்று மருத்துவரிடம் போகிறவர்கள் உண்டு. அவர்களில் சிலரை ஆய்வுக்கூடத்தில் படுக்கவைத்து மூளை அலையைப் பதிந்தால் ஆறு ஏழு மணி நேரம் தூங்கியிருப்பார்கள். காலையில் அதைக் காட்டினால் நம்ப மாட்டார்கள். இது நடிப்பு இல்லை. வழக்கமான அலைப் பதிவில் தூக்கமாகத் தெரிகிற வேளையிலும் இவர்களுடைய மூளையில் விழிப்புக்குரிய வேகமான அலைகள் சற்றுக் கூடுதலாக இருப்பதாகச் சில ஆய்வுகள் காட்டுகின்றன. கருவி சொல்வது சரி, நோயாளி சொல்வது தப்பு என்று முடித்துவிட முடியாத இடம் இது. தூக்கமின்மையை உலகெங்கும் மருத்துவர்கள் நோயாளியின் முறையீட்டை வைத்தே கண்டறிகிறார்கள், கருவியை வைத்து அல்ல. வலியைப் போலத்தான். வலி எத்தனை கிலோ என்று தராசில் பார்த்துவிட்டு யாரும் மருந்து கொடுப்பதில்லை.

ஆக, 'எத்தனை மணி நேரம்' என்ற கேள்விக்குத் தூங்கியவர் மோசமான சாட்சி. 'எப்படி இருந்தது' என்ற கேள்விக்கு அவரை விட்டால் வேறு சாட்சி கிடையாது. இரண்டு கேள்விகளையும் ஒரே தாளில் போட்டு, மதிப்பெண்ணைக் கூட்டி ஓர் எண்ணாக்கிவிடுவது கேள்வித்தாள்களின் பழக்கம்.

அந்தக் கேள்வித்தாள்களில் மிகப் புகழ் பெற்றது 1989இல் டேனியல் பைஸியும் கூட்டாளிகளும் பிட்ஸ்பர்க்கில் உருவாக்கியது. கடந்த ஒரு மாதத்தைப் பற்றி 19 கேள்விகள். 0 முதல் 21 வரை மதிப்பெண். ஐந்தைத் தாண்டினால் தூக்கம் சரியில்லை என்று பொருள். எத்தனையோ மொழிகளில் பயன்படுகிறது. நல்ல கருவிதான், குறை சொல்வதற்கில்லை. ஆனால் அதைக் கையில் எடுத்துக்கொண்டு ஒரகடம் பக்கம் ஒரு வாடகை அறைக்குள் நுழைந்து பாருங்கள்.

"கடந்த மாதம் வழக்கமாக ராத்திரி எத்தனை மணிக்குப் படுத்தீர்கள்?" இதுதான் முதல் கேள்வி. முதல் வாரம் காலை ஷிப்ட்: பஸ்ஸைப் பிடிக்க நாலரைக்கு எழுந்தாக வேண்டும். அடுத்த வாரம் மதிய ஷிப்ட்: அறைக்கு வந்து குளித்துச் சாப்பிட்டுப் படுக்க நள்ளிரவு தாண்டும். மூன்றாவது வாரம் நைட்: காலை எட்டு மணிக்குப் படுக்கை. இதில் 'வழக்கம்' எது? 'ராத்திரி' எது? படிவத்தில் ஒரே ஒரு கட்டம்தான் இருக்கிறது. பெரும்பாலும் இந்த வாரம் எந்த ஷிப்டோ அதையே எழுதிவிடுவார்கள். சிலர் மூன்றையும் மனசுக்குள் கலக்கி, எந்த நாளிலும் நடக்காத ஒரு நேரத்தை எழுதுவார்கள்.

பகல் தூக்கம் ராத்திரித் தூக்கத்துக்குச் சமமும் இல்லை. உடல் வெப்பம் விடியற்காலை நான்கு ஐந்து மணி வாக்கில் மிகவும் தாழ்ந்து, பிறகு ஏறத் தொடங்கும். நைட் ஷிப்ட் முடித்து வருகிறவர் படுக்கிற நேரம், உடல் 'எழுந்திரு' என்று சொல்கிற நேரம். எவ்வளவு அசதி இருந்தாலும் நாலைந்து மணி நேரத்தில் தானாகவே விழிப்புத் தட்டிவிடும். இதில் மே மாதத்துத் தகர ஷீட்டையும், கீழ்வீட்டு மிக்சியையும், அப்போதுதான் ஷிப்டுக்குக் கிளம்பும் அறை நண்பர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அறை நண்பர் என்றதும் அந்தக் கேள்வித்தாளின் இன்னொரு விவரம் நினைவுக்கு வருகிறது. 19 கேள்விகள் போக இன்னும் 5 கேள்விகள் அதில் உண்டு. படுக்கையிலோ அறையிலோ உடன் இருப்பவரைக் கேட்க வேண்டிய கேள்விகள் அவை: உரத்துக் குறட்டை விடுகிறாரா, மூச்சு நின்று நின்று வருகிறதா, கால் துடிக்கிறதா. ஆனால் இந்த ஐந்துக்கும் மதிப்பெண் கிடையாது. கூட்டலில் சேராது. சம்பவ இடத்தில் விழித்திருந்த ஒரே ஆளின் சாட்சியம் கோப்பின் பின்பக்கத்தில் கிடக்கிறது. இதே ஒரகடம் பக்கத்தில், வல்லம் வடகாலில் அரசின் தொழில் வளர்ச்சி நிறுவனமான சிப்காட் கட்டி, 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்ட விடுதியில் பெண் தொழிலாளர்கள் 18,720 பேர் தங்க இடமுண்டு. ஒரே ஷிப்ட் பெண்களை ஒரே அறையில் தங்கவைத்தால் தூக்கமும் கலையாது, சாட்சியும் கிடைக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது.

இன்னொரு பிரபலமான கேள்வித்தாள் மெல்பர்னில் மர்ரே ஜான்ஸ் என்ற மருத்துவர் 1991இல் வெளியிட்டது. எட்டு சூழ்நிலைகளைச் சொல்லி, ஒவ்வொன்றிலும் உங்களுக்குக் கண் அசரும் வாய்ப்பு எவ்வளவு என்று கேட்கும். அதில் ஒன்று, போக்குவரத்து நெரிசலில் சில நிமிடம் காரில் நிற்கும்போது. கம்பெனி பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தவருக்கு எட்டு சூழ்நிலையும் வேண்டியதில்லை, ஒன்றே போதும். அங்கே தூங்குவது நோயின் அறிகுறியா, புத்திசாலித்தனமா என்று அந்த மதிப்பெண்ணால் சொல்ல முடியாது.

கேட்பவர் யார் என்பதும் பதிலை மாற்றும். ஒப்பந்தத் தொழிலாளியிடம் சூப்பர்வைசர் முன்னால் "நல்லா தூங்கினியா?" என்று கேட்டால் என்ன பதில் வரும் என்பதற்கு ஆய்வு தேவையில்லை.

ஆனால் பயமில்லாமல், மனதார, உண்மையாகவே சொல்கிறவரின் பதிலிலும் ஒரு பெரிய பள்ளம் இருக்கிறது. என்னைக் கேட்டால் ஆலைகளுக்கு அதுதான் முக்கியம். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் ஹான்ஸ் வான் டாங்கன், டேவிட் டிஞ்சஸ் உள்ளிட்டோர் 48 பேரைக் குழுக்களாகப் பிரித்து, 14 நாள் தொடர்ந்து சிலரை 8 மணி, சிலரை 6 மணி, சிலரை 4 மணி நேரம் மட்டும் படுக்கவிட்டார்கள். இன்னொரு குழு மூன்று இரவுகள் தூங்கவே இல்லை. எல்லோருக்கும் பகலில் ஒரு சின்னச் சோதனை. திரையில் எண் தோன்றியதும் பொத்தானை அழுத்த வேண்டும். அரை விநாடிக்கு மேல் தாமதித்தால் தவறவிட்டதாகக் கணக்கு. 6 மணி நேரமோ அதற்குக் குறைவாகவோ படுத்தவர்களின் தவறுகள் நாளுக்கு நாள் ஏறிக்கொண்டே போயின. இரண்டு வாரத்தில் அவர்களுடைய நிலைமை ஓர் இரவு, இரண்டு இரவு முழுதாகக் கண்விழித்தவர்களுக்குச் சமமாக வந்து நின்றது. 2003இல் இது வெளியானது.

அவர்களிடமே "எவ்வளவு தூக்கக் கலக்கமாக இருக்கிறது?" என்றும் தினமும் கேட்டார்கள். முதல் சில நாள் அதிகம் என்றார்கள். பிறகு அந்த எண் பெரிதாக ஏறவில்லை. உடம்பு பழகிவிட்டது என்று நினைத்தார்கள். பழகியது உணர்வு மட்டும். கை தொடர்ந்து தாமதித்துக்கொண்டே இருந்தது. தூக்கம் கெட்டால், தூக்கம் கெட்டதை அறியும் திறனும் சேர்ந்தே கெடுகிறது. பிரஸ் மிஷினுக்கு முன்னாலும் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும்போதும் அரை விநாடி என்பது சின்ன விஷயமில்லை. "பழகிடுச்சுண்ணா, ஒண்ணும் தெரியறதில்ல" என்று மூன்று வருஷ நைட் ஷிப்ட்காரர் சொல்வதில் இரண்டாவது பாதி அப்படியே உண்மை.

சரி, எல்லோர் கையிலும் ஒரு ஸ்மார்ட் வாட்ச் கட்டிவிட்டால்? மணிக்கட்டுக் கருவி தூக்கத்தை அளப்பதில்லை, அசைவைத்தான் அளக்கிறது. அசையாமல் விழித்துக் கிடப்பவரைத் தூங்குகிறார் என்று எண்ணிக்கொள்ளும். இதயத் துடிப்பையும் சேர்த்துப் பார்க்கிற புதியவை கொஞ்சம் மேல். ஆழ்ந்த தூக்கம் எத்தனை நிமிடம், கனவுத் தூக்கம் எத்தனை நிமிடம் என்று அவை வண்ணப் படம் போட்டுக் காட்டுவதில் ஊகம் நிறைய. தலையில் மின்முனைகள் ஒட்டிச் செய்யும் ஆய்வகச் சோதனையே ஒவ்வொரு 30 விநாடித் துண்டுக்கும் இது விழிப்பு, இது உறக்கம் என்று மனிதர்கள் வகுத்த விதிப்படி முத்திரை குத்துவதுதான். இரண்டு வல்லுநர்கள் ஒரே பதிவைப் பார்த்து எல்லாத் துண்டுகளுக்கும் ஒரே முத்திரை குத்துவதில்லை.

கருவி சொன்னதும் நம் உணர்வு அதன் பின்னால் போய்விடுகிறது என்பது அடுத்த சங்கடம். 2014இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில் மாணவர்களுக்குப் பொய்யாக ஒரு கருவியை மாட்டி, அவர்களுடைய நேற்றைய கனவுத் தூக்கத்தின் அளவு இது என்று வாய்க்கு வந்த எண்ணைச் சொன்னார்கள். நன்றாகத் தூங்கியதாகச் சொல்லப்பட்டவர்கள் மனக்கணக்குச் சோதனைகளில் நன்றாகச் செய்தார்கள். மோசமாகத் தூங்கியதாகச் சொல்லப்பட்டவர்கள் பின்தங்கினார்கள். அவர்கள் உண்மையில் எப்படித் தூங்கியிருந்தார்கள் என்பது அங்கே எடுபடவில்லை.

இப்போது அந்தச் சென்னை ஆய்வுக்குத் திரும்பலாம். அதில் ஒரு பகுதியினருக்குத் தூக்கம் பற்றிய தகவலும் ஊக்கமும், வீட்டில் நன்றாகத் தூங்குவதற்கான பொருள்களும் கொடுத்தார்கள். மூன்று வாரத்தில் இரவுத் தூக்கம் சராசரியாக 27 நிமிடம் கூடியது. தூக்கம் செறிவானதால் அல்ல, கூடுதல் நேரம் படுத்துக் கிடந்ததால். வேலைத் திறன் கூடும், மனம் தெளியும், உடல்நலம் தேறும் என்று துறை வல்லுநர்கள் முன்கூட்டிக் கணித்திருந்தார்கள். ஒன்றும் நடக்கவில்லை. கணினித் தட்டச்சு வேகத்திலோ, சிந்தனைச் சோதனையிலோ, மன நிறைவிலோ அளக்கும்படியான மாற்றம் எதுவும் இல்லை. படுத்துக் கிடந்த நேரத்துக்கு ஏற்ப வேலை நேரம் மட்டும் கொஞ்சம் குறைந்தது. கருவியில் ஏறிய எண் வாழ்க்கையில் இறங்கவில்லை. உடைந்து உடைந்து வரும் தூக்கத்தில் இன்னும் 27 நிமிடம் சேர்ந்தாலும் அதுவும் உடைந்ததாகத்தானே இருக்கும் என்பது ஒரு விளக்கம். எனக்கு அது சரியாகவே படுகிறது.

அதே ஆய்வில் சிலருக்குப் பிற்பகலில் அலுவலகத்திலேயே அரை மணி நேரம் குட்டித் தூக்கம் போட அமைதியான இடமும் படுக்கையும் கொடுத்தார்கள். இங்கே கதை மாறியது. வேலைத் திறன், மனநிலை, கவனம் எல்லாம் தேறின. வீட்டில் எட்டு மணி நேரத்தில் கிடைக்காத ஏதோ ஒன்று, கொசுவும் சத்தமும் இல்லாத அந்த அரை மணியில் கிடைத்திருக்கிறது. கணக்குப் பார்க்கிறவர்களுக்கு ஒரு சிக்கல் உண்டு. அந்த அரை மணியைச் சும்மா உட்கார்ந்து கழித்தவர்களைவிடத் தூங்கியவர்கள் அதிகம் சம்பாதித்தார்கள். இடைவேளையே எடுக்காமல் தட்டிக்கொண்டிருந்தவர்களைவிடக் குறைவாகச் சம்பாதித்தார்கள். நஷ்டம் தூக்கத்தால் வந்ததில்லை, அரை மணி வேலை போனதால் வந்தது.

1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 55ஆம் பிரிவு, ஐந்து மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து வேலை வாங்கக் கூடாது, நடுவில் குறைந்தது அரை மணி நேரம் ஓய்வு தர வேண்டும் என்றது. சென்னையில் தூங்கக் கொடுத்ததும் அதே அரை மணிதான். ஒரகடத்து ஆலையில் அந்த அரை மணிக்குள் லைனிலிருந்து கேண்டீனுக்கு நடக்க வேண்டும், வரிசையில் நிற்க வேண்டும், சாப்பிட வேண்டும், கழிப்பறைக்குப் போய்வர வேண்டும், சைரன் அடிப்பதற்குள் திரும்பவும் தன் இடத்தில் நிற்க வேண்டும். தூங்குவதற்கென்று இன்னோர் அரை மணி வேண்டுமென்றால் அதை உற்பத்திக் கணக்கில் எழுதுவதா, கூலியில் பிடிப்பதா என்பதை எந்தத் தூக்கக் கேள்வித்தாளும் இதுவரை கேட்டதில்லை.